சிவில் உடுப்பில் த்ரீ நாட் த்ரீ

திருப்பதிக்குப் பக்கத்து மாமண்டூரையும் சாமலா பள்ளத்தாக்கையும் வேட்டைக் கதைப் பிரியர்கள் கென்னத் ஆண்டர்சன் பெயரோடுதான் நினைப்பார்கள். அவர் கையில் இருந்தது அமெரிக்க வின்செஸ்டர். நம் ஊர்ப் போலீஸ்காரர் தோளில் காலங்காலமாகத் தொங்கியது த்ரீ நாட் த்ரீ (.303) ரைஃபிள். என் ஓட்டு இதற்குத்தான்.

காரணம் அந்த போல்ட். கைப்பிடியைத் தூக்கு, இழு, தள்ளு, இறக்கு, எங்கும் இடறாது. தள்ளும்போதுதான் ஸ்பிரிங் இறுகுகிறது. ஜெர்மன் மௌசர் 98-இல் கைப்பிடியைத் தூக்கும்போதே இறுகிவிடும். அதனால் த்ரீ நாட் த்ரீயைத் திறக்க விரலுக்கு அவ்வளவாக வேலையில்லை. பத்துத் தோட்டா மேகசின் வேறு.

மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலை இதே துப்பாக்கிக்குப் பல வேஷம் கட்டியது. போலீசுக்கு .410 மஸ்கெட்: உள்ளே வரியில்லாத வழவழப்பான குழல், மேகசின் வாயில் மரக்கட்டை, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. 1962 போருக்குப் பிறகு 7.62 மி.மீ. தோட்டாவுக்கு 2ஏ1 ரைஃபிள். படைத் தோட்டா சாமானியருக்குக் கிடையாதே. அவர்களுக்கு அதே போல்ட்டோடு .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள். குழலின் நுனிவரை மூடியிருந்த மரம் பாதியில் நின்றுவிடும், பயனெட் மாட்டும் மூக்கும் போய்விடும். மஃப்டியில் வந்த ஏட்டய்யா! உடுப்பு மாறினாலும் நடையில் தெரிந்துவிடுகிறார்.

1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் வேட்டைக்கும் வேலையில்லை. ஆனாலும் எண்ணெய் குடித்துக் கறுத்த அந்தத் துப்பாக்கிக் கட்டையில், மரம் பிளக்காமலிருக்க இஷாப்பூர்க்காரர்கள் குறுக்கே முடுக்கிய திருகைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆசையாகத்தான் இருக்கிறது. அலங்காரத்துக்காக வைத்ததல்ல, அதுதான் அதன் அழகே.