பெட்டி பெரிசு, பிரேக் பழசு

டாடா லாரியின் முகப்பில் இருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதுவே வண்டியின் ஜாதகம். 1613 என்றால் மொத்த எடை 16 டன், திறன் 130 குதிரை. 2518 என்றால் 25 டன், 180 குதிரை. இந்த எண்ணுக்குள் அடங்க மறுக்கும் ஆசையில்தான் கியர்பாக்ஸ் மாற்றும் வேலையே பிறக்கிறது.

களம்பூர், ஆரணி அரிசி மூட்டைகளைச் சமவெளியில் சிரமமின்றி இழுக்கும் பழைய லாரி, போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குச் சிமென்ட் ஏற்றிப் போனால் ஜவ்வாதுமலை வளைவுகளில் திணறும். 'இழுவை பத்தல' என்று உரிமையாளர் பம்ப் நாசில் கடைக்குப் போவார். பம்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டித் தருவார்கள். கறுப்புப் புகையோடு வலுவும் வரும். கொஞ்ச நாளில் கிளட்ச் பிளேட் கருகும்; பிறகு கியர் பல் போகும். அதன் பிறகே, கழித்துப் போட்ட பெரிய வண்டியின் ஆறு கியர் பெட்டியைத் தேடிச் சென்னை புதுப்பேட்டைக்கு ஆள் போகும்.

நன்றாகச் செய்தால் இது மெச்சத்தக்க வேலை. வேறு வண்டியின் பெட்டியை இந்த இன்ஜினோடு சேர்ப்பது நான்கு போல்ட் முடுக்கும் காரியமல்ல. 352 மி.மீ. கிளட்ச் போய் 380 வந்தால் ஃப்ளைவீலும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். பெட்டியின் முன் ஷாஃப்ட் ஃப்ளைவீலின் நடுப்புள்ளியிலிருந்து மயிரிழை பிசகினாலும் பேரிங் இரைச்சல் போடும். பெட்டியின் நீளம் மாறுவதால் ப்ரொபெல்லர் ஷாஃப்டை வெட்டி, ஒட்டி, பேலன்ஸ் பார்க்க வேண்டும். கணக்குத் தெரிந்த மிஸ்திரி கையில் பலன் உண்டு: கியருக்குக் கியர் இடைவெளி குறைவதால் ஏற்றத்தில் வேகம் விழாது, கிருஷ்ணகிரி–திண்டிவனம் நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், டீசலும் மிஞ்சும். பல் உடைந்து மலையில் நிற்பதைவிட இது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சிக்கல் பெட்டிக்குப் பின்னால் தொடங்குகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்ஜினின் முறுக்கு விசை 400 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 7 மடங்கு, கிரௌன் பினியன் 6 மடங்கு என்று வைத்துக்கொண்டால் பின் ஆக்சிலுக்குப் போவது 16,800. பம்பில் 100 கூட்டினால் அங்கே 4,200 கூடும். முன்பு கிளட்ச் வழுக்கி அந்த அதிகப்படியைத் தின்றுவிடும். தான் கருகி மற்றவற்றைக் காப்பாற்றும். கிளட்சையும் பெட்டியையும் பலப்படுத்திய பிறகு அடி அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகிறது: ஜாயின்ட் கிராஸ், கிரௌன் பல், கடைசியில் ஆக்சில் ஷாஃப்ட். பட்டறைக்காரருக்கு வேலை வரிசையாக வரும் என்று கேலி பேசலாம். நடுரோட்டில் ஷாஃப்ட் முறிந்து நிற்பவருக்குச் சிரிப்பு வராது.

அதைவிடப் பெரிய குறை இறக்கத்தில் இருக்கிறது. ஏறத் திராணி வந்ததும் மூட்டை கூடுகிறது. பிரேக் டிரம்மோ கம்பெனி போட்டதேதான். பெட்டியோடு வேகமான கிரௌன் பினியனும் போட்டிருந்தால், அதே கியரில் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வலு குறைந்துவிடும். ஓட்டுநர் பிரேக்கை மிதித்தபடியே இறங்குவார். டிரம் காய்ந்து பிடிப்பு போகும். பெட்டி விலை பேசுகிற உரிமையாளர்கள், இன்ஜினைக் கொண்டே வேகத்தை அடக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் விலையையும் கூடவே கேட்பதில்லை என்பதே இந்தப் பழக்கத்தின் மீது என் முதல் குற்றச்சாட்டு.

சட்டமும் இங்கே அரைக்கண் மூடியிருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் ஆர்.சி.யில் குதிரைத் திறனுக்கு இடமுண்டு, கியர்பாக்ஸுக்கு இல்லை. பெட்டியை மாற்றியது தாளில் தெரியாது. கூட்டிய திறனையோ சோதித்துப் பார்க்காமல் யாரும் அறியமாட்டார்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் டீசலைக் கணினியே அளந்து ஊற்றுவதால் பம்பின் திருகாணியைத் திருப்பும் வைத்தியம் பலிக்காது. பழைய வண்டிக்காரர் மலை லோடு நிரந்தரம் என்று நினைத்தால், பெட்டி, கிளட்ச், ஷாஃப்ட், ஆக்சில், பிரேக் எல்லாவற்றுக்கும் சேர்த்து மதிப்பீடு கேட்கட்டும். பெரும்பாலும் அந்தத் தொகை, எண் பெரிதான ஒரு பழைய லாரியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.