கொத்தமல்லி மணக்கும் வெள்ளை வைன்

வாசமுள்ள வெள்ளை வைனை முகர்ந்த கையோடு “மல்லிகை” என்று சொல்லிவிடுபவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மல்லிகை என்றால் எதற்கும் பொருந்திவிடும். நான் தேடுவது கொத்தமல்லியை. தடிமன் பிடித்தால் இஞ்சி தட்டிப்போட்டு அவித்துத் தரும் கொத்தமல்லித் தண்ணீரின் ஆவி, மட்டக்களப்பில் எந்த மூக்குக்கும் பழக்கம். அந்த மணத்தில் பெரும்பங்கு லினலூல் என்ற பொருளுடையது. மஸ்கட் குடும்பத்துத் திராட்சைகளின் வாசத்திலும் அதுவே முன்நிற்கிறது. பெரும்பாலான வெள்ளை வைன்களுக்குப் பழவாசத்தைக் கொடுப்பது ஈஸ்ட். மஸ்கட் வகையிலோ பழத்தைக் கடிக்கும்போது எழும் வாசமே வைனிலும் தங்கிவிடுகிறது.

கல்லடியில் நண்பர் ஒருவர் போத்தலை வீரகேசரித் தாளில் சுற்றி, பெயரை மறைத்து ஊற்றினார். ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்தது. முதல் மிடறில் புளிப்பைத் தவிர ஒன்றுமில்லை. கடுங்குளிரில் வாசம் எழும்பாது. குளிர்நாட்டுக்காரர் கிளாஸை உள்ளங்கையில் பொத்திக்கொண்டிருக்க வேண்டும். வாவிக்கரை வெக்கையில் அந்தப் பாடில்லை. கிளாஸ் வேர்த்து முடிவதற்குள் வாசம் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும். அதிகம் காத்திருந்தாலும் கெட்டது, பிறகு மதுவின் நெடிதான் மிஞ்சும்.

முதலில் வந்தது கொத்தமல்லி. அடுத்து தோடம்பழத் தோல், அதன் பின்னால் மெல்லப் பன்னீர். புல்லின் பச்சை வாசம் இல்லாததால் சவிஞோன் பிளாங்கை அப்போதே தள்ளிவிட்டேன். பன்னீர்தான் குழப்பியது. அந்த வாசத்தைத் தரும் ரோஸ் ஒக்சைட் என்ற பொருள் கெவுர்ஸ்ட்ராமினர் திராட்சையில் தூக்கலாக இருக்கும். லிச்சிப் பழத்திலும் அது உண்டு. ஆனால் கெவுர்ஸ்ட்ராமினருக்குப் புளிப்புக் குறைவு, நாக்கில் வழுவழுவென்று கனக்கும். இதுவோ மெலிந்தது, புளிப்பும் தெளிவாக இருந்தது. அப்படியானால் மஸ்கட்தானா? மூக்கு சம்மதித்தது, நாக்கு சம்மதிக்கவில்லை. வாசத்தில் இருந்த இனிப்பு வாயில் துளியும் இல்லை. விழுங்கிய பிறகு, தோடம்பழத்தின் வெள்ளைத் தோலை மென்றதுபோல ஒரு கசப்பு தொண்டையில் நின்றது.

அந்தக் கசப்பை வைத்துத்தான் ஆர்ஜென்டினாவின் டொரொன்டெஸ் என்றேன். தாளைப் பிரித்தால், அதே பெயர், சால்ட்டா மாகாணம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீற்றர் உயரத்திலுள்ள கஃபயாத்தே பள்ளத்தாக்கு அங்கேதான் இருக்கிறது. பகல் வெயிலில் வாசம் ஏறும், இரவுக் குளிரில் புளிப்பு கெடாமல் நிற்கும். 2003இல் வெளியான மரபணு ஆய்வு இந்தத் திராட்சையின் பெற்றோரையும் காட்டிக்கொடுத்தது: ஒன்று மஸ்கட் ஒஃப் அலெக்சாந்திரியா, மற்றது ஸ்பானியர் காலத்தில் அங்கே வந்த கிரியோயா சிக்கா என்ற கறுப்புத் திராட்சை. மஸ்கட் என்று மூக்கு அடம்பிடித்ததில் வியப்பில்லை.

வாவி இறாலைப் பொரித்துத் தேசிக்காய் பிழிந்து வைத்தால், இதற்கு அதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. முதற்பால் தடிப்பாக விட்ட நண்டுக் கறியோடு மட்டும் வேண்டாம், கசப்பு முன்னுக்கு வந்துவிடும். அதற்கு நான் கெவுர்ஸ்ட்ராமினரையே எடுப்பேன், விலை இரண்டு மடங்கானாலும்.