முகப்புத்தாளில் 20 பெயர்கள்

ஆடம் சுமித் எழுதிய 'நாடுகளின் செல்வம்' 1776ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இலண்டனில் வெளிவந்தது. தாளை நான்காக மடித்த பேரளவில் இரண்டு தொகுதிகள். விலை 1 பவுன் 16 சில்லிங். அதே ஆண்டை முகப்பில் தாங்கி அந்நூல் டப்ளின் நகரிலும் வெளியாயிற்று. அங்கே தாள் எட்டாக மடிக்கப்பட்டிருந்தது, தொகுதிகள் மூன்று. இலண்டன் பதிப்பின் முகப்புத்தாளில், ஆசிரியர் பெயருக்குக் கீழே, வெளியிட்டோராக இருவர் பெயரே உண்டு. டப்ளின் பதிப்பிலோ ஒயிட்ஸ்டோன், சேம்பர்லேன், வாட்சன், பாட்ஸ், ஹோயி, வில்லியம்ஸ் என்று மூச்சு வாங்கிப் படிக்கத்தக்க அளவில் 20 பெயர்கள் அணிவகுத்து நிற்கின்றன.

இலக்கிய வரலாறு எழுதுவோர் இப்பெயர்களைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர். கடவாது நின்றோரும் 'கள்ளப் பதிப்பாளர்' என்னும் ஒரு சொல்லோடு நிறைவு கொள்கின்றனர். அச்சொல் இலண்டன் வணிகரின் சொல். வரலாற்றாசிரியர் கிப்பனும் தம் தன்வரலாற்றில் டப்ளின்காரரைக் கொள்ளையர் என்றே சுட்டினார். மறுபுறம், எளிய வாசகனுக்கு மலிவு நூல் ஈந்த வள்ளல்கள் என்று அவர்களைப் போற்றுவதும் அரிதன்று. இவ்விரு தீர்ப்புகளும் முகப்புத்தாளை ஊன்றிப் படியாமல் எழுந்தவை. அத்தாளில் யார் யாருக்குப் பங்கிருந்தது, யாருக்குப் பங்கில்லை என்பதே ஆராயத்தக்கது.

முதலில் சட்டத்தை நோக்குதல் வேண்டும். ஆன் அரசியார் காலத்தில், 1710ஆம் ஆண்டில், நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம் பிரிட்டனுக்கு மட்டுமே உரியது. அயர்லாந்து தனி நாடாளுமன்றம் உடைய நாடு. அங்கு அச்சட்டம் செல்லாது. ஆகவே இலண்டன் நூலை டப்ளினில் மீண்டும் அச்சிட்டு அயர்லாந்து மக்களுக்கு விற்பது சட்டத்திற்கு மாறான செயலன்று. அந்நூலைக் கப்பலேற்றி இங்கிலாந்திற்குக் கொண்டுசெல்வதே குற்றம். 1739ஆம் ஆண்டுச் சட்டம் அதனை வெளிப்படையாகத் தடை செய்தது. தடை இருந்தும் நூல்கள் கடல் கடந்தன என்பது வேறு செய்தி.

சட்டம் இல்லாத இடத்தில் வழக்கம் அரசாளும். ஒருவர் ஒரு நூலை அச்சிட்டு முடிக்குமுன் அடுத்த தெருக்காரரும் அதனையே அச்சிட்டால் இருவரும் அழிவர். இதனைத் தவிர்க்க டப்ளின் வணிகர் தம்முள் ஓர் ஒழுங்கு கண்டனர். இலண்டன் நூலின் படியையோ பாரங்களையோ முதலில் கைப்பற்றியவர், அதன் தலைப்புப் பக்கத்தை அச்சிட்டுப் பலர் காண ஒட்டிவைப்பார். ஒட்டியவருக்கே உரிமை, ஏனையோர் விலகி நிற்பர், அன்றேல் பங்கு கேட்டுச் சேர்வர். பெரிய நூலாயின் தாளுக்கும் அச்சுக்கும் ஆகும் முதலைப் பலர் பகிர்ந்துகொண்டனர். அச்சான படிகளையும் அவ்வாறே பிரித்துக்கொண்டனர். விரைவு வேண்டியபோது தொகுதிகளைப் பல அச்சகங்களுக்குப் பங்கிட்டு ஒரே வேளையில் அச்சுக்கோத்தனர். 1770களில் 'ஐக்கிய நூல் வணிகர் குழு' என்ற பொதுப்பெயரும் முகப்புத்தாள்களில் தோன்றியது. எனவே 'நாடுகளின் செல்வம்' நூலின் 20 பெயர்களும் வெறும் விளம்பரம் அல்ல. எவரும் எவரையும் வெட்டிக்கொள்வதில்லை என்று பலர் கூடி இட்ட கையொப்பம் எனலாம். அங்காடிகளின் போட்டியை ஆராய்ந்த நூலே போட்டியைத் தவிர்க்கும் உடன்படிக்கையால் டப்ளினில் பரவியது சுவையான முரண்.

இவ்வழக்கத்தின் இருண்ட பக்கத்தை 1753ஆம் ஆண்டு காட்டியது. சாமுவேல் ரிச்சர்ட்சன் நாவலாசிரியர் மட்டுமல்லர். இலண்டனில் பெரிய அச்சகம் நடத்தியவர். தம் 'சர் சார்லஸ் கிராண்டிசன்' நாவலைத் தம் அச்சகத்திலேயே அச்சிட்டு வந்தார். அச்சான பாரங்களை முன்கூட்டியே டப்ளின் வணிகர் ஜார்ஜ் ஃபாக்னருக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அதற்குள், அவர்தம் தொழிலாளருள் சிலர் கைக்கூலி பெற்றுப் பாரங்களை டப்ளினுக்குக் கடத்திவிட்டனர். எக்ஷா, வில்சன், சாண்டர்ஸ் என்னும் மூவர் அவற்றைப் பெற்று உரிமை கோரினர். இலண்டன் வாசகர் நாவலைக் காணுமுன்னரே அதன் பெரும்பகுதி டப்ளினில் அச்சேறிவிட்டது. ஃபாக்னர் தம் ஏற்பாட்டிலிருந்து விலகினார். அவரும் உடந்தை என்றே ரிச்சர்ட்சன் ஐயுற்றார். மனம் கொதித்துத் தம் வழக்கை ஒரு சிறு நூலாக அச்சிட்டு ஊருக்கெல்லாம் வழங்கினார்.

ரிச்சர்ட்சனின் சினம் நியாயமானது. ஆயினும் அவர் இரண்டு குற்றங்களை ஒன்றாக்கிவிட்டார். வேலையாளுக்குக் கைக்கூலி கொடுத்துப் பாரம் திருடுவது எந்நாட்டிலும் திருட்டு. வெளிவந்த நூலை அயர்லாந்தில் மறுபதிப்புச் செய்வதோ அந்நாட்டுச் சட்டம் தடுக்காத தொழில். இவ்விரண்டையும் பிணைத்த கயிறு எது என்பதை அவர் காணவில்லை. முதலில் பெற்றவருக்கே உரிமை என்னும் அந்த வழக்கமே அக்கயிறு. ஆசிரியனின் இசைவு உரிமை தராதபோது, முந்திக் கைப்பற்றுதலே உரிமையாகிறது. முந்துவதற்குத் திருட்டும் ஒரு வழியாகிறது. வணிகர் தமக்குள் அவ்வளவு நேர்மை காத்த ஒழுங்கில் நூலை எழுதியவனுக்கு இருக்கை போடப்படவில்லை.

இதற்கு விலக்காக ஜோனதன் சுவிஃப்ட்டைச் சுட்டுவர். கலிவரின் பயணங்களை 1726ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட மோட், அச்சத்தால் சில இடங்களை மாற்றிவிட்டார் என்பது சுவிஃப்ட்டின் குறை. 1735ஆம் ஆண்டு முகப்பைத் தாங்கி ஃபாக்னர் வெளியிட்ட நான்கு தொகுதிகளில் அப்பாடம் பெரிதும் திருத்தம் பெற்றது. எப்பாடம் சிறந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், பிற்காலப் பதிப்பாசிரியர் பலர் ஃபாக்னரையே பின்பற்றினர். தம் நூல்தொகுதி வெளிவருவதில் தமக்கு விருப்பமில்லை என்று சுவிஃப்ட் வெளியே கூறிக்கொண்டார். அதனை முழுதும் நம்புவோர் சிலரே. ஃபாக்னரின் தொகுதிகள் இங்கிலாந்தில் விற்கப்படுவதை மோட் நீதிமன்றத்தின் வழி தடுக்க முனைந்தபோது, சுவிஃப்ட் 1736இல் மோட்டுக்கு எழுதிய கடிதம் எரிதழல் போன்றது. தாம் ஒரு டப்ளின் வணிகராயின் இலண்டன் நூல்களை அச்சிட்டு இங்கிலாந்து நகரங்களுக்கே அனுப்பத் தயங்கமாட்டேன் என்ற பொருளில் அவர் எழுதினார். அயர்லாந்தின் கம்பளித் துணி ஏற்றுமதியை 1699ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடக்கிய நாடு, அச்சுத் தொழிலில் மட்டும் நீதி பேசலாகுமோ என்பதே அவர் உள்ளக் கருத்து.

எனினும் ஃபாக்னரின் துணிவுக்கும் எல்லை இருந்தது. மூன்றாம் பகுதியில், மிதக்கும் தீவின் அரசனுக்கு எதிராக லிண்டலினோ என்னும் நகரம் கிளர்ந்தெழும் சில பத்திகளை அவரும் அச்சிடவில்லை. 'லின்' என்பது அப்பெயரில் இரு முறை வருவதால் அது டப்ளினையே குறிப்பது எவர்க்கும் விளங்கும். சொந்த ஊரின் எழுச்சியைச் சொந்த ஊர்ப் பதிப்பாளரே விட்டுவிட, அப்பத்திகள் 1899ஆம் ஆண்டில்தான் அச்சு கண்டன.

சுவிஃப்ட் ஆலயத் தலைவர். வயிற்றுக்காக எழுதியவர் அல்லர். எழுத்தால் வாழ வேண்டியிருந்த அயர்லாந்துக்காரன் என் செய்தான்? ஆலிவர் கோல்ட்சுமித் டப்ளின் திரினிட்டிக் கல்லூரியில் பயின்றவர். அவர்தம் 'வேக்பீல்டு ஊர்ப் பாதிரியார்' கைப்படியை நண்பர் ஜான்சன் இலண்டனில் 60 பவுனுக்கு விற்றுத் தந்தார் என்று பாசுவெல் எழுதினார். அது பெருந்தொகை அன்று. ஆயினும் ஒரு தொகை. 1766ஆம் ஆண்டில் அந்நாவல் வெளிவந்ததும் டப்ளின் வணிகர் பலர் கூடி அவ்வாண்டிலேயே அதனை அச்சிட்டனர். தம் மண்ணில் பிறந்தவரின் நூலுக்கு அவர்கள் ஒரு காசும் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கவில்லை. இலவசமாகக் கிடைக்கும் இலண்டன் நூல் மேசைமேல் இருக்க, உள்ளூர்க் கைப்படிக்கு விலை கொடுப்பவர் யார்? ஆகவே எழுத்தாளர் கப்பலேறினர். அவர்தம் நூல்கள் மலிவு விலையில் திரும்பி வந்தன. டப்ளின் கூட்டுப் பதிப்பால் மிகுதியாக இழந்தவர் ரிச்சர்ட்சன் அல்லர். டப்ளினில் எழுத விரும்பியவரே என்று கொள்ளுதல் பொருந்தும்.

டப்ளினில் தம் நூலைத் தாமே கொண்டுவர நினைத்தவருக்கு முன்பணம் திரட்டுவதே பெருவழியாயிற்று. சார்லட் புரூக் அயர்லாந்து மொழிப் பாடல்களைத் தொகுத்து, ஆங்கில மொழிபெயர்ப்போடு 1789ஆம் ஆண்டில் டப்ளினில் வெளியிட்டார். அந்நூலிலும் நீண்டதொரு பெயர்ப்பட்டியல் உண்டு. ஆனால் அவை விற்றோர் பெயர்கள் அல்ல, வாங்குவோர் பெயர்கள். ஒரு நாட்டின் சொந்தப் பாடல்கள் வாங்குவோர் தோளிலும், அயல்நாட்டு நூல்கள் விற்போர் தோளிலும் ஏறி வந்த காட்சி அக்காலத்தைத் தெளிவாக உணர்த்துகிறது.

வாசகர் பக்கத்துக் கணக்கையும் மறைத்தலாகாது. பர்க்கின் பிரெஞ்சுப் புரட்சி நூல் 1790இலும், அதற்கு மறுப்பாகத் தாமஸ் பெயின் எழுதிய 'மனித உரிமைகள்' 1791இலும் இலண்டனில் வெளிவந்த சூட்டோடு டப்ளினில் அச்சாயின. இரு தரப்பு வாதங்களையும் சிறிய கடைக்காரனும் கையில் ஏந்த முடிந்தது. அவனுக்கு எட்டாத விலையில் இருந்த அறிவை எட்டச் செய்தவர்கள் அந்த முகப்புத்தாள் வணிகரே. அவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர். நகரின் புனித லூக்கா தொழிற்சங்கம் நெடுங்காலம் அவர்களை முழு உறுப்பினராக ஏற்கவில்லை. ஆயினும் சங்கம் மறுத்த இடத்தை முகப்புத்தாள் கொடுத்தது. பேட்ரிக் பர்ன் என்னும் கத்தோலிக்கர் அவ்வாறு உயர்ந்தவர். 1798ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது சிறைப்பட்டு, 1800இல் பிலடெல்பியா சென்றார். அந்நகருக்கு 1784இலேயே சென்றிருந்த மேத்யூ கேரியும் டப்ளினில் தொழில் பழகியவரே. அமெரிக்காவின் 1790ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அயல்நாட்டு ஆசிரியரைக் காக்கவில்லை. டப்ளின் கற்றுத் தந்த தொழில் அங்கே தடையின்றி நடந்தது.

1801ஆம் ஆண்டில் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டது. பதிப்புரிமைச் சட்டமும் அவ்வாண்டிலேயே அங்கு நீட்டிக்கப்பட்டது. இலண்டன் நூலை மறுபதிப்புச் செய்யும் வாணிகம் சில ஆண்டுகளில் சரிந்தது. அது மறைந்த இடத்தில் உள்ளூர் எழுத்துக்குரிய வாணிகம் உடனே முளைத்துவிடவில்லை. மரியா எட்ஜ்வொர்த்தின் 'ராக்ரெண்ட் மாளிகை' 1800இல் இலண்டனில்தான் வெளிவந்திருந்தது. 1806இல் சிட்னி ஓவன்சனின் அயர்லாந்து நாவலும் இலண்டன் முகப்பையே தாங்கியது. அதே 1801ஆம் ஆண்டுச் சட்டம் திரினிட்டிக் கல்லூரி நூலகத்துக்கு ஓர் உரிமையை வழங்கியது: பிரிட்டனில் பதிவாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி அங்கு இலவசமாக வந்து சேரும். கல்லூரியின் மதிலுக்கு வெளியே இருந்தவன் அந்நூலை இனி இலண்டன் விலை கொடுத்தே வாங்க வேண்டியவனானான்.