4 எம்.பி.க்குள் ஆறரைக் கோடி ஆண்டுகள்

இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே பல சமயம் 4 மெகாபைட்டைத் தாண்டிவிடுகிறது. அதே அளவுள்ள ஒரு கார்ட்ரிட்ஜுக்குள் டைனோசர் காலம் முதல் கி.பி. 2300 வரை நீளும் காலப்பயணத்தை அடக்கிய கேம் 'க்ரோனோ ட்ரிக்கர்'. 1995 மார்ச் 11 அன்று ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம் கேம் கருவிக்கு வெளிவந்தது. இப்போது ஸ்டீமில் கிடைக்கும் கணினிப் பதிப்பை கன்ட்ரோலர் பிடித்து முடிவுவரை ஆடினேன். பழைய கேம்தானே என்று எந்த இடத்திலும் சலுகை காட்டத் தேவைப்படவில்லை.

இதை உருவாக்கிய கூட்டணி அந்நாளில் யாரும் எதிர்பாராதது. 'ஃபைனல் ஃபேண்டஸி'யைத் தந்த ஹிரோனோபு சகாகுச்சியும், போட்டி நிறுவனத்தின் 'டிராகன் குவெஸ்ட்'டைத் தந்த யூஜி ஹோரியும் கைகோத்தார்கள். பாத்திரங்களை வரைந்தவர் 'டிராகன் பால்' அகிரா தொரியாமா. இசைக்கு வந்தவரோ புதியவர். ஒலி விளைவுகள் செய்யும் வேலையில் இருந்த யசுனோரி மிட்சுடா, இசையமைக்க விடாவிட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று சகாகுச்சியிடம் நேராகவே சொன்னார். வாய்ப்பு கிடைத்தது. இரவு பகலாக உழைத்ததில் வயிற்றுப்புண் வந்து படுத்துவிட, மிச்சப் பாடல்களை மூத்தவர் நொபுவோ உவேமட்சு முடித்துக் கொடுத்தார். கி.பி. 600-க்குள் நுழைந்ததும் ஒலிக்கும் அந்த மெட்டுக்காகவே நான் வரைபடத்தில் சும்மா நடந்துகொண்டிருந்தேன்.

ஆனால் என்னை அசைத்தது வழக்குமன்றக் காட்சி. தொடக்கத்தில் ஒரு திருவிழா. கடைகளைச் சுற்றுகிறோம், மேசையில் யாரோ வைத்த சாப்பாட்டை எடுத்துத் தின்கிறோம், ஒரு சிறுமியின் பூனையைத் தேடிக் கொடுக்கிறோம் அல்லது கொடுக்காமல் போகிறோம். வெகுநேரம் கழித்து நாயகன் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது, அத்தனையும் சாட்சியாக வருகிறது! இடித்து விழுந்த பெண்ணைக் கவனித்தோமா, கீழே கிடந்த பதக்கத்தை முதலில் பொறுக்கினோமா என்பது வரை. தீர்ப்பு எப்படி வந்தாலும் சிறைதான். ஆனாலும் அதற்குப் பிறகு எந்தக் கதவையும் பெட்டியையும் யோசித்துத்தான் திறக்கிறோம். ஆடுபவரின் நடத்தையையே கதையின் பகுதியாக்கிய இந்தத் துணிச்சல் இன்றைய பிரம்மாண்ட கேம்களிலும் அரிது.

இன்னொரு இடம்: பாழ்நிலத்தைக் காடாக்க, நம் கூட்டாளியான ரோபோ அந்தக் காலத்திலேயே தங்கி 400 ஆண்டுகள் உழைக்கிறது. நமக்கோ கால வாகனத்தில் சில நொடிப் பயணம். போய் இறங்கினால் காடு நிற்கிறது.

சண்டை வேகமானது. தனித் திரைக்குத் தாவாமல் நிற்கும் இடத்திலேயே நடக்கிறது. எதிரிகளில் பெரும்பாலோர் முன்கூட்டியே கண்ணில் படுகிறார்கள். இருவர், மூவர் சேர்ந்து செய்யும் கூட்டுத் தாக்குதல்களைக் கண்டுபிடிப்பதே தனி மகிழ்ச்சி. ஒருமுறை முடித்தவர் பெற்ற பலத்தோடே மறுபடி தொடங்கலாம். இறுதி எதிரியை எப்போது வீழ்த்துகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

குறைகள் உண்டு. பழகியவர்களுக்கு சவால் குறைவு. லாவோஸ் என்ற அந்த இறுதி எதிரிக்கு அழிப்பதைத் தவிரத் தனிக் குணம் எதுவும் இல்லை. கணினிப் பதிப்பு 2018 பிப்ரவரியில் வந்தபோது, கைப்பேசிப் பதிப்பை அப்படியே தூக்கி வைத்ததுபோல மழுங்கிய படங்களும் பொருந்தாத எழுத்துருவுமாக இருந்ததால் ரசிகர்கள் கொதித்தார்கள். அடுத்தடுத்த திருத்தங்களில் பழைய புள்ளிப் படங்களைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. ஆட்டத்தைத் தொடங்கும் முன் அமைப்புகளில் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

2019-இல் ஜப்பானின் ஃபாமிட்சு இதழ் நடத்திய வாக்கெடுப்பில், ஹெய்செய் எனும் பேரரசர் ஆட்சிக்காலத்தின் தலைசிறந்த கேமாக வாசகர்கள் இதையே தேர்ந்தார்கள். அந்தத் தேர்வில் எனக்கும் உடன்பாடே. தமிழ் வசனம் இல்லை. பள்ளி ஆங்கிலம் போதும். தொடுதிரையில் ஆடுவதைவிட கன்ட்ரோலரோடு கணினியில் ஆடுங்கள். முதல் ஆட்டத்தில் எந்த வழிகாட்டியையும் பார்க்காதீர்கள்.