மண்ணிடம் ஒப்படைத்த அன்னை

இறப்பு எல்லார்க்கும் பொது. இறந்தாரை எண்ணி இரங்கும் முறையோ சமயந்தோறும் வேறுபடும். இறந்தோர் மீண்டும் எழுவர் என்பது கிறித்தவத்தின் உயிர்நாடியான நம்பிக்கை. அந்நம்பிக்கை உடையார்க்குக் கண்ணீர் எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே.

இவ்வினாவை என்னிடம் எழுப்பியவர், என்னுடன் பணிபுரியும் கிறித்தவ நண்பர் ஒருவர். நெல்லைச் சீமையில் அன்னையார் மறைந்த செய்தி கேட்டுத் தில்லியிலிருந்து புகைவண்டி ஏறினார். அவர் ஊர் சேருமுன் அடக்கம் முடிந்துவிட்டது. சுற்றத்தாரோ, "அம்மா கர்த்தருக்குள் நித்திரை அடைந்திருக்கிறார்கள்; அழுவது அவிசுவாசம்" என்றனராம். அவரும் அழவில்லை. திரும்பி வந்தபின் ஒருநாள் உணவு இடைவேளையில், "அழுதால் விசுவாசம் குறைந்துவிடுமா, சார்?" என்று கேட்டார். நான் சைவன், வேத சாத்திரம் பயின்றவன் அல்லன். எனக்குத் தெரிந்தது தமிழ்ப் பாட்டு. ஆகவே தேம்பாவணியை எடுத்துக் கொடுத்தேன்.

இத்தாலியில் பிறந்து தமிழகம் போந்த வீரமாமுனிவர் இயற்றியது இக்காப்பியம். மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. வளன் என்னும் சூசையப்பரே காப்பியத் தலைவர். எனினும், என் நெஞ்சைக் கவர்ந்தது வாமன் ஆட்சிப் படலத்தில் வரும் கருணையனின் புலம்பல். கருணையன் என்பது திருமுழுக்கு யோவானுக்கு முனிவர் சூட்டிய தமிழ்ப் பெயர். அன்னை எலிசபெத்தோடு கானகத்தில் வாழ்ந்த அவன், அவளை அங்கேயே இழக்கின்றான்.

குழியில் மலர்ப் படுக்கை விரிக்குமுன் கைகுவித்து நிலத்தை வேண்டுகிறான் கருணையன். என் அன்னையின் உடலை அன்போடு காப்பாயாக என்கிறான். "காப்பாயாக" என்னும் அவ்வொரு வினையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திரும்பப் பெறும் எண்ணம் இல்லாத பொருளைக் காக்குமாறு எவரும் வேண்டுவதில்லை. அடகு வைத்தவனும் அடைக்கலம் தந்தவனுமே அங்ஙனம் கேட்பர். உயிர்த்தெழுதல் என்னும் கோட்பாடு முழுவதையும் முனிவர் இவ்வொரு வினையில் அடக்கிவிட்டார். தனியே விளக்கவுரை ஆற்றவில்லை.

நம்பிக்கை இத்துணை உறுதியாய் இருந்தும் கருணையன் அழாமல் இல்லை. மண்ணிட்டு மூடியபின் மலரும் கண்ணீரும் ஒருங்கே பொழிகிறான். மழைத்துளி இன்றி, மணி பிடிக்குமுன் காய்ந்துபோன இளம்பயிர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறான். துணை பிரிந்த பறவையாகவும் வழுக்கு நிலத்தில் வழியறியாது நிற்பவனாகவும் கலங்குகிறான். பயிர் உவமை இங்கே கருதத்தக்கது. கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தில் பவுலடிகள், அடக்கம் செய்யப்படும் உடலை விதைக்கும் வித்துக்கு ஒப்பிடுவார். தேம்பாவணியிலோ வாடும் பயிர் இறந்தவள் அல்லள், இருப்பவனே. வித்து மண்ணில் பத்திரமாய் இருக்கிறது. வெளியே நிற்கும் மகனுக்கே நீரில்லை. நம்பிக்கையும் துயரமும் ஒன்றை ஒன்று அழிக்காமல் தத்தம் இடத்தில் நிற்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

புறநானூற்று 256ஆம் பாடலை இதனோடு வைத்துக் காண்போம். கணவனை இழந்த பெண், கலம் வனையும் குயவனிடம் வேண்டுகிறாள். வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த பல்லிபோல அவனோடு வந்தவள் தான் என்கிறாள். தனக்கும் இடம் இருக்குமாறு தாழியை அகலமாய்ச் செய்யுமாறு கேட்கிறாள். அவள் கேட்பது இடம். கருணையன் கேட்பது காவல். அவளுக்குப் பிரிவு இறுதியானது. ஆகவே உடன்போதலே வழி. அவனுக்குப் பிரிவு தவணை உடையது. ஆகவே தனித்து நின்று வாழ்தல் இயலும். அழுகையின் ஆழத்தில் இருவர்க்கும் வேறுபாடு இல்லை. துயரை அளவில் குறைப்பது அன்று, அதற்கு ஒரு திசையைத் தருவதே உயிர்த்தெழுதல் நம்பிக்கையின் பணி என்பது என் துணிபு.

முனிவர் இதில் மறைநூலுக்கு மாறாகச் சென்றார் அல்லர். யோவான் நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தில், இலாசரை எழுப்பப் போவதை அறிந்திருந்தும் இயேசு அவன் கல்லறை நோக்கிச் செல்கையில் அழுகிறார். தெசலோனிக்கேயர்க்கு எழுதுங்கால் பவுலடிகள் விலக்கியதும் துயரத்தை அன்று; நம்பிக்கையற்றோர் போலத் துயருறுவதையே. இவ்வேறுபாட்டை மறந்து ஆறுதல் கூறப் புகுவோர், ஆறுதலுக்கு மாறாக வாய்ப்பூட்டையே தருகின்றனர். நம் விழா மலர்களில் வெளிவரும் இரங்கற்பாக்கள் பலவற்றிலும் இக்குறை உண்டு. முதலடியிலேயே மறைந்தவரை விண்ணேற்றிவிடுவதால், இழந்தவர் நின்று அழப் பாட்டில் இடம் இல்லாமற் போகிறது.

நண்பர் நூலைப் பத்து நாள் வைத்திருந்தார். திருப்பித் தந்தபோது, கருணையன் புலம்பும் பக்கத்தில் அலுவலகத் தாள் ஒன்றைக் கிழித்து அடையாளம் வைத்திருந்தார். "வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு படித்தேன், சார்" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த விடுப்பில் ஊருக்குச் சென்று கல்லறையில் சற்றுநேரம் இருந்து வரப்போவதாக மட்டும் கூறினார்.