மோஹோ கதையில் காணாமல் போன 13 நொடி

புவியின் மேலோட்டுக்கும் கவசத்துக்கும் நடுவே உள்ள எல்லை எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று எந்தக் காணொளியைத் திறந்தாலும் கதை ஒரே மாதிரிதான். 1909-ல் குரோஷியாவில் நிலநடுக்கம் வந்தது. ஆன்ட்ரியா மொஹோரொவிச்சிச் பதிவுகளைப் பார்த்தார். ஓர் ஆழத்துக்குக் கீழே அலைகள் வேகமாகப் போவதைக் கவனித்தார். எல்லைக்கு அவர் பெயர் வந்தது, சுருக்கமாக மோஹோ. அவ்வளவுதான், அடுத்த நொடி ஆப்பிள் தோல் படம்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனா ஒரு கேள்வி கேட்டால் கதை அங்கேயே நின்னுடும்: ஆழத்தில் நடப்பதை அவர் எப்படிக் "கவனித்தார்"? கையில் இருந்தது தரைமேல் வைத்த கருவிகள் கிறுக்கிய காகிதம் மட்டும்தானே? நம்ம அறிவியல் எழுத்தில் முடிவு வருது, ஆள் பெயர் வருது, சான்று வரமாட்டேங்குது. என் குறை அதுதான்.

மொஹோரொவிச்சிச் அடிப்படையில் வானிலை ஆய்வாளர். கப்பல் பள்ளியில் வாத்தியாராக இருந்து, பிறகு ஜாக்ரெப் வானிலை ஆய்வகத்தின் இயக்குநர் ஆனவர். வீகெர்ட் வகை நிலநடுக்கப் பதிவுக் கருவிகளை அவர் அங்கே கொண்டுவந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. 1909 அக்டோபர் 8 அன்று ஜாக்ரெப்புக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. தள்ளி, கூபா ஆற்றுப் பள்ளத்தாக்கில் பூமி ஆடியது. ஐரோப்பாவின் மற்ற நிலையங்களில் இருந்தும் பதிவுகளை வரவழைத்தார். முதலில் வந்து சேரும் P அலை ஒன்றுதான் இருக்க வேண்டும். ஆனால் குறிப்பிட்ட தூரங்களில் இருந்த நிலையங்களில் இரண்டு இருந்தன. பின்னால் வரும் S அலையும் அப்படியே, இரண்டு.

ஊருக்குள் போகும் ரோடும் பைபாஸும் மாதிரி யோசிங்க. பக்கத்துத் தெருவுக்குப் போக யாரும் பைபாஸ் ஏறமாட்டார்கள். தூரம் கூடினால் சுற்றிப் போய் பைபாஸ் பிடிப்பவர்தான் முதலில் போய்ச் சேருவார். மேலோடு 35 கி.மீ. தடிமன், அதில் வேகம் நொடிக்கு 6 கி.மீ., கீழே 8 என்று வைத்து ஒரு எளிய கணக்குப் போட்டேன். 100 கி.மீ. தூரத்தில் நேர் அலை 16.7 நொடியில் வந்துவிடும். கீழே இறங்கிப் போகும் அலைக்கு 20.2 ஆகும். சுமார் 185 கி.மீ.யில் இரண்டும் சமம். 500 கி.மீ.யில் நேர் அலைக்கு 83 நொடி, கீழ்வழி அலைக்கு 70. பதிமூன்று நொடி முன்னால்!

அடுத்தடுத்து இரண்டு நிலநடுக்கம் வந்திருக்கலாமே? வந்திருந்தால் எல்லா ஊரிலும் இடைவெளி ஒரே அளவில் இருக்கணும். இங்கே அது தூரத்தோடு மாறுகிறது. அந்தக் காலத்து நிலையங்களின் கடிகாரங்களை எப்படி நம்புவது? சர்வர் லாக் படிக்கிறவங்களுக்கு இது பழகின தலைவலி: இரண்டு மெஷின்களின் நேரத்தை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம், ஒரே மெஷினில் இரண்டு வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாராளமாக நம்பலாம். கடிகாரம் 5 நொடி தப்பாக ஓடினால் இரண்டு அலையும் சேர்ந்தே நகரும், இடைவெளி மாறாது. இந்தக் கண்டுபிடிப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஒரு காணொளியிலும் இதைப் பார்த்ததில்லை.

1910-ல் வெளியிட்ட கட்டுரையில் எல்லையின் ஆழம் 54 கி.மீ. என்றார். இன்றைய கணக்கில் கண்டங்களுக்குக் கீழே சராசரி 35 கி.மீ., கடல் தரைக்குக் கீழே 7 கி.மீ. பக்கம். எண் மாறியது, வாதம் மாறவில்லை.

சான்றை விட்டுவிடுவதால் வரும் உண்மையான சேதம் வேற. "மேலோட்டுக்குக் கீழே பாறைக் குழம்பு, அதில் நாம் மிதக்கிறோம்" என்று அதே காணொளிகள் அடுத்த வரியில் கூசாமல் சொல்கின்றன. S அலை திரவத்துக்குள் போகாது. ஆனால் அந்த இரண்டு S அலைகளில் வேகமானது எல்லைக்குக் கீழே புகுந்து வந்தது. அப்படியென்றால் அங்கே இருப்பது திடப் பாறை. எல்லையைக் காட்டிய அதே காகிதம்தான் குழம்புக் கதையையும் அடித்துப் போடுகிறது. கவசம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல நகர்வது நிஜம், ஆனால் திடமாக இருந்துகொண்டேதான் நகர்கிறது. உருகிய பாறை அங்கங்கே கொஞ்சம் உண்டு, எரிமலைக்கு அது போதும். படம் வரைகிறவர்கள் முழுக் கவசத்துக்கும் செக்கச்செவேல்னு லாவா நிறம் பூசிவிடுகிறார்கள்.

தோண்டியே பார்த்துவிடலாம் என்று அமெரிக்கர்கள் 1961-ல் மெக்சிகோவை ஒட்டிய குவாடலூப் தீவுக்கருகே, மேலோடு மெலிந்திருக்கும் கடலடியில் இறங்கினார்கள். மோஹோல் திட்டம் என்று பெயர். கடல் தரையில் 183 மீட்டர் வரை போனார்கள். 1966-ல் நாடாளுமன்றம் காசை நிறுத்தியது.