தம்பி பெயரில் ஒரு தோட்ட வீடு

சிங்கப்பூரின் மார்சிலிங் அடுக்குமாடிகளில் குடியிருக்கும் தமிழர்கள் பலருக்கு ஓர் ஆசை: தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் பழைய ஓட்டு வீடு ஒன்றை வயல், களம், மாட்டுக்கொட்டகையோடு வாங்கிவிட வேண்டும். ஆசையில் நியாயம் இருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு 99 ஆண்டுக் குத்தகை. லிம் சூ காங்கில் பண்ணை வைத்திருப்பவருக்கும் நிலம் குத்தகைதான். தன் பெயரில் பட்டா என்பது இங்கே எளிதில் கிடைக்காத ஒன்று.

ஆனால் வயலுக்கான பட்டா அங்கேயும் அவர்கள் பெயரில் வராது. இந்திய அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாடுவாழ் இந்தியரும் ஓசிஐ அட்டைதாரரும் குடியிருப்பு வீடு வாங்கலாம். விளைநிலமும் பண்ணை வீடும் வாங்க முடியாது, வாரிசுரிமையாக வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் ஊரிலிருக்கும் தம்பிக்குப் பணம் அனுப்பி, அவர் பெயரில் கிரயம் முடிக்கும் வழக்கம்.

இதில் நல்லதே இல்லை என்று தள்ளிவிட மாட்டேன். வாங்க ஆளில்லாத பழைய வீடுகளின் கதி தெரிந்ததுதான். தேக்குத் தூணும் கதவும் நிலையும் கழற்றப்பட்டுக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போகின்றன. வெளிநாட்டுப் பணம் வந்ததால் முற்றத்தோடும் திண்ணையோடும் பிழைத்த வீடுகள் உண்டு.

பிழைத்தது நிலைப்பதுதான் கடினம். ஓட்டுக் கூரைக்கு ஆள் புழக்கம் வேண்டும். இரண்டு சரிவுகள் சேரும் மூலையில் சருகு அடைத்தால் ஐப்பசி மழை கைமரத்தில் இறங்கும். பின்னாலேயே கரையான் வரும். பொங்கலுக்கு மட்டும் வருகிறவர் கண்ணில் அது படும்போது உத்தரமே உளுத்திருக்கும்.

சட்டத்தின் பிடி இன்னும் இறுக்கமானது. 2016இல் திருத்தப்பட்ட பினாமிச் சட்டத்தில் ஓராண்டு முதல் ஏழாண்டுவரை கடுங்காவல், சந்தை மதிப்பில் 25 விழுக்காடுவரை அபராதம், சொத்துப் பறிமுதல். உடன்பிறந்தவர் பெயரில் வாங்க விலக்கு இருக்கிறதே என்பார்கள். பணம் போட்டவர் பெயரும் பத்திரத்தில் சேர்ந்திருந்தால்தான் அந்த விலக்கு. வயல் பத்திரத்தில் அவர் பெயர் சேரவே முடியாது. தம்பி காலமான பிறகு அவர் பிள்ளைகள் ‘இது அப்பா சொத்து’ என்றால் எந்த நீதிமன்றத்தில் போய் நிற்பது? தம்பியிடம் வாங்கிவைக்கும் பவர் பத்திரமும் காப்பாற்றாது. பவர் மூலம் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாதது வயல் தரிசாவதுதான். குத்தகைக்கு விட்டால் 1955ஆம் ஆண்டுச் சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டம் உழுகிறவரை எழுப்ப விடாது என்று பயந்து, சும்மா போட்டுவிடுகிறார்கள். நஞ்சையில் சீமைக்கருவேலம் மண்டுகிறது. பக்கத்து நிலத்துக்காரர் இரண்டு மா சேர்த்து வாங்கலாம் என்றால் வெளிநாட்டுப் பணம் ஏற்றிவிட்ட விலை அவர் கைக்கு எட்டுவதில்லை. உழுகிற குடும்பத்தின் வாய்ப்பைப் பறித்துத்தான் நம் ஏக்கம் தீர வேண்டுமா?

வீட்டையும் வயலையும் பிரித்துப் பார்ப்பதே நேர்மையான வழி. கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், இருக்கும் பழைய வீட்டை ஓசிஐ அட்டைதாரர் தன் பெயரிலேயே வாங்கலாம். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, நத்தம் பட்டா மூன்றையும் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட வேண்டும். சிங்கப்பூர்ப் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு: வீவக வீட்டின் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியும்முன் வெளிநாட்டிலும் தனியார் வீடு வாங்கக்கூடாது. வயலைத் தம்பிக்குத்தான் வாங்கித் தருகிறோம் என்றால், அது அவருடையதாகவே இருக்கட்டும். விளைச்சலும் விற்கும் உரிமையும் அவருக்கே.